மழைக்கோட்டுக்குப் போடக்கூடாதது

சலவையக்காவும் அவள் வீட்டுக்காரரும் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கடை ஷட்டரில் ‘நாலு நாள் விடுமுறை’ என்று அட்டை மாட்டியபோது, தெருவில் போனவர்கள் நின்று இரண்டு தடவை படித்துப் பார்த்தார்கள். சலவைக்கடைக்காரர்களுக்கு லீவு ஏது? எவன் சட்டையில் எப்போது டீ கொட்டும் என்று யார் கண்டது?

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தெருவே சலவையக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். துவைப்பது, அலசுவது, கறை எடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பெட்டி போட்டு மடித்து அடுக்குவது வீட்டுக்காரர் பொறுப்பு. அதனால் அவருக்கு இஸ்திரி என்று பெயர். அந்த வீட்டுக்கென்று கடவுள் அளந்து கொடுத்த பேச்சையெல்லாம் அவள் ஒருத்தியே வாங்கி வைத்துக்கொண்டாள். இஸ்திரி ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் எட்டு ‘ம்’.

போக நினைத்தது அருவி இருக்கும் மலையூருக்கு. அதற்கு முன்னால் விலங்குகள் மீட்பு மையம் ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம், போகிற வழிதான் என்றாள் சலவையக்கா. அது போகிற வழியில்லை. அருவி கிழக்கே இருந்தால் மையம் மேற்கே இருந்தது, பஸ்ஸில் நாலு மணி நேரம். இஸ்திரி போனில் வரைபடத்தைப் பார்த்தார், பிறகு மனைவி முகத்தைப் பார்த்தார், ‘ம்’ என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார். அவளுக்கு அருவியும் வேண்டாம், மலையும் வேண்டாம், சாக்ஸைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

சாக்ஸ் என்பது ஒரு நீர்நாய்க்குட்டி. இரண்டு மாதத்துக்கு முன் பெருமழை கொட்டிய வாரத்தில், கடைக்குப் பின்னால் இருக்கும் கால்வாய்க் கம்பியில் கறுப்பாய், ஈரமாய் ஒன்று மாட்டிக்கிடந்தது. யாரோ வாடிக்கையாளரின் காலுறைதான் குழாய் வழியாகப் போய்விட்டது என்று நினைத்து அவள் குனிந்து எடுத்தாள். காலுறை அவள் கட்டைவிரலைக் கடித்தது. அன்றைக்கே அதற்குச் சாக்ஸ் என்று பெயர் வைத்தாயிற்று.

பத்தொன்பது நாள் அது அவர்கள் வீட்டில் இருந்தது. கம்பளி ஊறவைக்கும் தொட்டிதான் அதற்குத் தொட்டில். மீனை முள் எடுத்து, விரல் நுனி அளவுக்குப் பிய்த்து ஊட்டினாள். ஊட்டும்போதெல்லாம் பேசினாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஒரு குட்டி வந்து ‘கீச் கீச்’ என்று பதில் சொன்னால் யார்தான் பேசாமல் இருப்பார்கள்? பத்தொன்பதாம் நாள், துணி எடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியாரம்மா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். காட்டு உயிரை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம், அது இருக்கட்டும், அதற்கே கெடுதல் என்று எடுத்துச் சொன்னாள். மறுநாள் மீட்பு வண்டி வந்து சாக்ஸைக் கொண்டுபோனது. அன்றைக்குச் சலவையக்கா ஒரு வெள்ளைச் சட்டையைச் சிவப்புத் துணியோடு சேர்த்துப் போட்டு, அவள் தொழில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இளஞ்சிவப்பாக்கி எடுத்தாள்.

இது நடந்து ஆறு வாரம் ஆகிறது. இன்றைக்குச் சனிக்கிழமை, பார்வையாளர் நாள். மையத்தின் வாசலில் செருப்புக் காலோடு மருந்துத் தண்ணீர்த் தட்டில் இறங்கி ஏறினார்கள். உள்ளே ஒரு அறையில் இரண்டு பெண்கள் மீனை எடை போட்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் எந்தக் கூண்டுக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு என்று பலகை. அடுத்த அறை வாசலில் கொடி கட்டி நாற்பது துண்டுகளைக் காயப் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றுகூட நேராக இல்லை. சலவையக்காவுக்குக் கை துறுதுறுவென்று வந்தது, இஸ்திரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சுற்றிக் காட்ட வந்தவர், அன்று வண்டியில் வந்து சாக்ஸை வாங்கிக்கொண்ட அதே பச்சைத் தொப்பிக்காரர். அவளை அவருக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்ததும் முகத்தில் ஏதோ ஒரு சங்கடம் வந்து போனது. குட்டி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, முதலில் எல்லாவற்றையும் பாருங்கள் அக்கா என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நீளமான உயரச் சுவர் மையத்தை இரண்டாகப் பிரித்தது. தொப்பிக்காரர் அதன் முன்னால் நின்று எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார். குணமாகி வரும் உயிர்கள் சுவருக்கு அந்தப் பக்கம். அங்கே பார்வையாளர் யாரும் போக முடியாது. ஊழியர்களும் முகத்தை மூடிக்கொண்டு, வாய் திறக்காமல்தான் போவார்கள். மனிதக் குரல் கேட்டால் சோறு வரும் என்று ஒரு விலங்கு பழகிவிட்டால், நாளைக்கு அது காட்டில் வேட்டைக்காரனிடமும் ஓடும். சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவை மட்டும்தான் நம் கண்ணில் படும். இவை ஏதோ ஒரு காரணத்தால் இனிக் காட்டுக்குத் திரும்பவே முடியாதவை.

அப்படியானால் சாக்ஸைப் பார்க்க முடியாது. சலவையக்காவுக்கு மனசு சட்டென்று வாடிப்போனது. ஆனால் அவள் நியாயம் தெரிந்தவள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், நன்றாக இருக்கிறான், அது போதும் என்று தேற்றிக்கொண்டாள். ஒற்றைச் சிறகுப் பருந்தைப் பார்த்தாள். மூன்று கால் நரியைப் பார்த்தாள். வண்டிச் சக்கரம் ஏறி ஓடு உடைந்து, ஒட்டுப்போட்ட ஆமையைப் பார்த்தாள். ஒவ்வொன்றிடமும் நின்று, இவர்கள் நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார்கள், உங்களுக்கு என்ன குறை என்று மனசுக்குள்ளேயே ஆறுதல் சொன்னாள். பிறகு நான்காவது கூண்டுக்கு வந்தாள்.

உள்ளே ஒரு நீர்நாய், வைக்கோல் மேல் சுருண்டு கிடந்தது. தாடைக்குக் கீழே வெள்ளைப் புள்ளி, இடது காதில் கால்வாய்க் கம்பி கிழித்த வெட்டு.

அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எவ்வளவு வளர்ந்துவிட்டான், வால் எவ்வளவு நீளம் என்று இஸ்திரியின் தோளை உலுக்கினாள். பேசக்கூடாதென்று வாயைப் புடவையால் பொத்திக்கொண்டாள், கண் மட்டும் சிரித்தது. இஸ்திரி சிரிக்கவில்லை. அவள் முழங்கையைத் தொட்டு, மெதுவாகச் சொன்னார்.

“இது சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கே.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தொப்பிக்காரர் கூண்டை விட்டு அவர்களைத் தள்ளிக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். பதினேழாம் எண், அதாவது சாக்ஸ், சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. எடை நன்றாக ஏறியது. ஆனால் வந்த மூன்றாம் நாள் குளத்தில் விட்டபோது, பத்தே நிமிஷத்தில் நனைந்து கனத்து மூழ்கப் பார்த்தது. தூக்கி எடுத்தால் தோல் வரைக்கும் ஈரம், உடம்பெல்லாம் நடுக்கம். பிழைத்ததே பெரிய காரியம். நீர்நாய்க்கு முடிதான் சட்டை. வெளிமுடி நனையலாம், அடிமுடி நனையவே கூடாது. இதற்கு அடிமுடியும் ஊறுகிறது. அதிலிருந்து தண்ணீர் பக்கமே விடுவதில்லை, கால் நனைகிற அளவுக்கு ஒரு தட்டு மட்டும். தோல் நோயா என்று எத்தனையோ சோதனை செய்து பார்த்தாயிற்று, நோய் இல்லை. பிறவிக் குறையாக இருக்கும் என்று மையத்து டாக்டரம்மா முடிவுக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமை தூரத்து ஊர் மிருகக்காட்சி சாலையிலிருந்து வண்டி வருகிறது. ஆயுசு முழுக்க இனி அங்கேதான்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாக்ஸ் நகர்ந்து வந்து, தட்டில் கிடந்த மீனுக்காகத் தண்ணீரில் நெஞ்சை வைத்து எழுந்தது. சலவையக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். முடி கொத்துக் கொத்தாய்ப் படிந்து, தண்ணீர் அதன் மேல் நிற்காமல், வழியாமல், உள்ளே போனது. இருபத்திரண்டு வருஷமாகத் துணியையும் தண்ணீரையும் பார்த்த கண் அது. இந்த நனைச்சலை அவள் முன்னாலேயே பார்த்திருக்கிறாள்.

கடை போட்ட முதல் வருஷம் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரரின் மழைக்கோட்டு வந்தது. நல்ல கோட்டு, நன்றாகச் செய்வோமே என்று, துவைத்த பிறகு ஒரு மூடி சாஃப்ட்னர் ஊற்றினாள். துணியை மெத்தென்று ஆக்கி வாசனையும் கொடுக்கிற திரவம். மறுநாள் மழையில் அந்த மனுஷன் கோட்டைப் போட்டுக்கொண்டே தொப்பலாக நனைந்து, கடை வாசலில் வந்து நின்று கத்திய கத்தலைத் தெருவே கேட்டது. சாஃப்ட்னர் இழையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் தண்ணீரைத் தள்ளுகிற குணம் போய்விடும். அன்றைக்கே சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாள்: மழைக்கோட்டுக்கு சாஃப்ட்னர் போடக்கூடாது.

அதை எழுதினவளே, பத்தொன்பது நாளும் ஒன்று விட்டு ஒரு நாள், சாக்ஸைக் கம்பளிக்குப் போடும் சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, கடைசியில் ஒரு மூடி சாஃப்ட்னர் கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தாள். கால்வாய் நாற்றம் போக வேண்டாமா? சிக்கு விழக்கூடாதே? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

 மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இஸ்திரி தண்ணீர் பாட்டிலை நீட்டினார், வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

தெரியாமல் செய்த தப்பு என்று மட்டும் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் ஒரு பொய்யும் இருந்தது. வண்டி வந்த அன்று, தொப்பிக்காரர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். என்ன கொடுத்தீர்கள், எத்தனை தடவை, மருந்து ஏதாவது, குளிப்பாட்டினீர்களா? அதே வண்டியில் அணில் குட்டியை ஒப்படைக்க வந்து அவளுக்கு முன்னால் நின்ற ஒரு ஆள், அதற்குப் பசும்பால் கொடுத்தேன் என்று சொல்லி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து மிரண்டுபோய், ‘குளிப்பாட்டவே இல்லீங்க’ என்று சொல்லிவிட்டாள். சொல்லி, அதன் கீழே கையெழுத்தும் போட்டாள்.

இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? வீட்டில் வைத்திருந்தது ஒரு குற்றம், பொய் சொன்னது இன்னொன்று. வழக்குப் போடலாம். கடைப் பெயர் கெடலாம். துணிக்கு உயிர் கொடுக்கிறவள் என்று பேர் வாங்கினவள், ஒரு உயிரைத் துணி மாதிரி துவைத்து வீணாக்கினாள் என்று ஊர் சிரிக்கும். சொல்லாமல் போனால் ஒன்றும் ஆகாது, அருவிக்குப் பஸ் மூன்று மணிக்கு. சாக்ஸ் மட்டும் ஆறு என்றால் என்ன என்றே தெரியாமல், கண்ணாடிக்குப் பின்னால் கிழடாகும்.

இதையெல்லாம் அவள் இஸ்திரியிடம் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் கேட்டார். கேட்டு முடித்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“டாக்டர் ரூம் அந்தக் கடைசில இருக்கு. வா.”

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். கையில் புதுக் கட்டு, மேஜையில் பாதி குடித்து ஆறிப்போன டீ. சலவையக்கா உட்காரவில்லை. வழக்கமாக அவள் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அதன் தாத்தா காலத்திலிருந்து வருவாள். அன்று அப்படிச் சுற்றி வளைக்கவில்லை.

“டாக்டரம்மா, நான் படிவத்துல பொய் சொன்னேன். அந்தக் குட்டியை ஒன்பது தடவை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டிட்டு, துணிக்குப் போடுற சாஃப்ட்னர்ல முக்கி எடுத்தேன். அதுக்குப் பிறவிக் குறை ஒண்ணும் இல்ல. நான்தான் கெடுத்தேன்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். கதவோரம் நின்றுகொண்டிருந்த இஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

“ஒரு மூடி ஊத்துன்னு அளவு சொன்னது நானுங்க. அதையும் சேர்த்து எழுதிக்குங்க.”

சலவையக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் அளவு எதுவும் சொல்லவில்லை. அந்த நாட்களில் குளியல் பக்கமே அவர் வந்ததில்லை, கடிக்கும் என்று பயம். வடிகட்டின பொய். இந்த மனுஷனுக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. எந்தத் திரவம், எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்று மளமளவென்று கேட்டு எழுதினார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. எழுந்து வந்து சலவையக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஆறு வாரமா இதுக்குக் காரணம் தேடித் தேடி எனக்குத் தூக்கமே போச்சு. பிறவிக் குறைன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. மேல ஒட்டினதுன்னா எடுத்துப் பார்க்கலாம். நீங்க இதைச் சொல்லணும்னு அவசியமே இல்லம்மா. சொன்னீங்களே, ரொம்ப நன்றி.”

அடி வாங்க முதுகைக் காட்டி நிற்பவளுக்கு மாலை போட்டால் எப்படி இருக்கும்? சலவையக்கா குழந்தை மாதிரி தேம்பி அழுதாள். எப்படி எடுப்பீர்கள் என்று அழுகைக்கு நடுவிலேயே கேட்டாள். எண்ணெய்க் கசிவில் மாட்டிய கடற்பறவைகளைக் கழுவுகிற ஒரு மருத்துவரைப் போனில் கேட்கப்போவதாகச் சொன்னார் டாக்டரம்மா. போன் போட்டதும் அந்த மருத்துவர் தோலுக்குக் கெடுதல் இல்லாத திரவத்தைச் சொன்னார், சூட்டின் அளவையும் சொன்னார். திரவம் போடுவது சுலபம், அலசுவதில்தான் எல்லாம் இருக்கிறது, துளி மிச்சம் இருந்தாலும் பலன் இல்லை, ஆனால் போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

“கையால சொல்லலாங்க,” என்றாள் சலவையக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஒட்டின இழை விரலுக்குள் வழுக்கும், சுத்தமான இழை பிடித்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு அவளால் சொல்ல முடியும், அதுதான் அவள் பிழைப்பு. பிறகு குழாயைத் திறந்து உள்ளங்கையில் சோப்பைத் தேய்த்துப் பார்த்தாள். நுரையே வரவில்லை. இந்த உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது, அலச அலச முடியில் படியும், மழைத்தண்ணீர் இருந்தால் நல்லது என்றாள். ஆமைகளுக்காகச் சேர்த்து வைத்த மழைத்தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. டாக்டரம்மா வாசலில் நின்ற தொப்பிக்காரரைப் பார்த்தார், அவர் வாளி எடுக்க ஓடினார்.

திங்கட்கிழமை வரவேண்டிய வண்டியை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மிருகக்காட்சி சாலைக்காரர்கள் தந்த கெடு ஒன்பது வாரம். அதற்குள் முடி தேறாவிட்டால் வண்டி வந்தே தீரும்.

அன்று மத்தியானமே கழுவினார்கள். டாக்டரம்மா சலவையக்காவுக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவள் குரலில்தான் அந்தக் குட்டி மீன் தின்னப் பழகியது. ஆறு வாரமாக மறந்துகொண்டிருக்கிறது. அதைத் திரும்ப நினைவுபடுத்தினால், முடி தேறினாலும் ஆற்றில் விட முடியாது. சலவையக்கா தலையாட்டினாள். அப்போதிருந்தே பேச்சை நிறுத்திவிட்டாள், பழக்கமில்லாத வேலைக்குப் பயிற்சி வேண்டுமே.

முகமூடி, உடம்பை மறைக்கும் சாம்பல் அங்கி, மெல்லிய கையுறை. சாக்ஸுக்கு லேசான மயக்க மருந்து. டாக்டரம்மா தலையைப் பிடித்துக்கொண்டார், தொப்பிக்காரர் வெதுவெதுப்பான மழைத்தண்ணீரை ஊற்றினார். ஒரு விரல் காட்டினால் இன்னும் ஊற்று, இரண்டு விரல் காட்டினால் தண்ணீரை மாற்று. சலவையக்கா முடியைப் பிரித்து, அடிவரை விரலை விட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு கற்றையை எடுத்து உருட்டிப் பார்த்தாள். வழுக்கியது. இரண்டு விரல். வழுக்கியது. இரண்டு விரல். முதுகு, விலா, வால் அடி, கழுத்து மடிப்பு. எட்டாவது தொட்டியில் முதுகு பிடித்து நின்றது, வயிற்றுப் பக்கம் நிற்கவில்லை. பதினோராவது தொட்டியில் வயிறும் நின்றது.

பத்தாவது தொட்டியின்போது, பாதி மயக்கத்தில் இருந்த சாக்ஸ் கையை நீட்டி அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் தூங்கும்போது பிடித்துக்கொள்கிற அதே விரல். ‘என் ராசா’ என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்குவதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். டாக்டரம்மா கவலையோடு அவளைப் பார்த்தார். அவள் மெதுவாக விரலை விடுவித்து, இன்னும் ஊற்று என்று காட்டினாள்.

அருவிக்குப் போகவில்லை. பக்கத்து ஊரில் ஒரு அறை எடுத்துத் தங்கினார்கள், செவ்வாய்க்கிழமை இரண்டாம் முறை கழுவி முடித்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினார்கள். நடுவில் கிடைத்த இரண்டு நாளும் சலவையக்கா மையத்தின் துண்டுகளைத் துவைத்தாள், இஸ்திரி கொடியை இழுத்துக் கட்டினார். துண்டில் இனி எக்காலத்திலும் சாஃப்ட்னர் வாசனையே வரக்கூடாது என்று அவள் சுவரில் எழுதியும் வைத்துவிட்டு வந்தாள். கிளம்பும்போது சாக்ஸிடம் விடைபெறவில்லை. பெறக்கூடாது.

அதற்குப் பிறகு முடியின் கையில்தான் எல்லாம். சாக்ஸ் நக்கி, உருண்டு, கோதிக் கோதித் தன் முடியைத் தானே தேற்றிக்கொள்ள வேண்டும். டாக்டரம்மா வாரம் ஒரு தடவை போன் செய்தார். இரண்டாம் வாரம் மாற்றமில்லை. நான்காம் வாரம் முதுகில் தண்ணீர் முத்து முத்தாய் நிற்கிறது, வயிறு இன்னும் ஊறுகிறது. ஆறாம் வாரம் கால்மணி நேரம் நீந்தியது, பிறகு நடுங்கியது. சலவையக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் வாரம் போன் வரவேயில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. மடித்த துணியை அவள் பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தாள், இஸ்திரி அவற்றை வாங்கி அடுக்கினார்.

ஒன்பதாம் வாரம் வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்குப் போன் அடித்தது. மூன்று இயந்திரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் மூன்றையும் நிறுத்தினாள். கடையில் ஒரு வாடிக்கையாளர் கோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“நேத்து நாற்பது நிமிஷம் தண்ணிக்குள்ளயே இருந்தான்,” என்றார் டாக்டரம்மா. “வெளிய வந்ததும் முடியைப் பிரிச்சு அடியில விரல் வெச்சுப் பார்த்தேன். மாவு மாதிரி காஞ்சு கிடக்கு. மீனையும் அவனே துரத்திப் பிடிக்கிறான். என் சத்தம் கேட்டா ஓடி ஒளியிறான். இன்னிக்குக் காலைல சுவருக்கு அந்தப் பக்கம் மாத்தியாச்சு. அடுத்த மாசம் ஆத்துல விடுறோம். இனிமே நீங்க எத்தனை தடவை வந்தாலும் எங்களைத்தான் பார்க்கலாம்மா. அவனைப் பார்க்க முடியாது.”

சலவையக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

“ரொம்ப நன்றி டாக்டரம்மா,” என்றாள். “ரொம்ப நன்றி. ரொம்ப நன்றி.”

போனை வைத்துவிட்டு இஸ்திரியைப் பார்த்தாள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கேட்காமலே புரிந்துகொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு நின்றார். கோட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து, என்ன ஆச்சு அக்கா, கெட்ட சேதியா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இல்லீங்க, நல்ல சேதி,” என்றாள் சலவையக்கா, கோட்டை அவர் கையிலிருந்து வாங்கியபடி. “எங்க பையனை இனிமே எங்களால பார்க்கவே முடியாதாம்.”